அத்தை கல்யாணத்தில் டாமும் ஜெர்ரியும்

எங்கள் வீட்டில் ஒரு விஎச்எஸ் கேசட் இருக்கிறது. 1994 மே மாதம் நடந்த அத்தை கல்யாணத்தின் வீடியோ. மாப்பிள்ளை அழைப்பு, பேண்டு வாத்தியம், மறுநாள் காலை மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிக்கும் பெண்கள், மணமேடை, புகை. தேங்காய் மேல் தாலியை வைத்துத் தட்டை எல்லாரிடமும் தொட்டு வணங்கக் கொண்டுபோகிறார்கள். தட்டு மூன்றாவது வரிசைக்கு வருகிறது. படம் நடுங்குகிறது. அடுத்து, வால் வைத்த கறுப்புக் கோட்டு போட்ட டாம் மேடைக்கு வந்து சபைக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பியானோ முன் உட்கார்கிறது.

கெட்டிமேளம் கேட்க வேண்டிய இடத்தில் லிஸ்ட்டின் ஹங்கேரியன் ராப்சடி கேட்கும். அத்தை கழுத்தில் மாமா தாலி கட்டியதற்கு இப்போது வீடியோ சாட்சி இல்லை. அந்த இடத்தில் இருப்பது ‘தி கேட் கான்செர்டோ’, 1946ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் வாங்கிய கார்ட்டூன். அதைப் பதிவுசெய்தவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

இதைச் சிரிப்புக் கதையாகப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். கல்லூரி விடுதியில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். சிரிப்பு வராத பகுதியை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

*

முதலில் டாம் அண்ட் ஜெர்ரி எங்களுக்குக் கறுப்பு வெள்ளையில்தான் வந்தது.

எங்கள் ஊர் நோணாங்குப்பம். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற சாலையில், சுண்ணாம்பாற்றுப் பாலத்தை ஒட்டி இருக்கிறது. இப்போது படகுத்துறைக்கும் பாரடைஸ் பீச்சுக்கும் வருகிற கூட்டத்தால் ஊர்ப் பெயர் வெளியே தெரிகிறது. அன்றைக்குத் தென்னந்தோப்பும் உப்புக்காற்றும்தான். பெரியம்மாவைக் கட்டிய பெரியப்பா பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக்கொடுக்க ஆறு மாதம் தவணை தந்தார்கள். பெரியப்பாவின் அப்பா பிரான்ஸ் என்று எழுதிக்கொடுத்தவர். பெரியப்பா அங்கே பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். 1995இல் வந்தபோது சாக்லேட்டோடு ‘தோம் ஏ ஜெர்ரி’ என்று அட்டை போட்ட இரண்டு கேசட் கொண்டுவந்தார்.

அட்டையில் டாம் சாம்பல்நீலம், ஜெர்ரி செம்பழுப்பு. டிவியில் போட்டால் எல்லாமே சாம்பல். அப்பா டிவியின் கலர் குமிழைக் கடைசிவரை திருகிப் பார்த்தார். பர்மா பஜாரில் வாங்கிய டெக்கின் மேல் சந்தேகப்பட்டார். பெரியப்பாவோ, “அங்க நல்லா கலரா ஓடிச்சே” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரணம் எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. பிரான்ஸின் ஒளிபரப்பு முறை செகாம், நம்முடையது பால். இரண்டிலும் 625 கோடுகள், வினாடிக்கு 25 சட்டகங்கள். அதனால் படம் ஓடும், சத்தம் கேட்கும். ஆனால் நிறத்தைச் சுமந்து வருகிற முறை வேறு. பால் டெக்குக்கு செகாமின் நிறம் புரியாது. புரியாததை விட்டுவிட்டு மிச்சத்தைக் காட்டும்.

நிறம் இல்லாததைப் பற்றி ஆயாவுக்கு ஒரு குறையும் இல்லை. ஆயா என்றால் அப்பாவின் அம்மா. தாத்தா இறந்த பிறகு பல வருஷம் துய்மா வீதியில் ஒரு மதாம் வீட்டில் வேலை பார்த்தவர். அந்தக் கேசட்டில் ‘சாட்டர்டே ஈவ்னிங் புஸ்’ இருந்தது. வீட்டுப் பொம்பளை சனிக்கிழமை சாயங்காலம் சீட்டாட்டத்துக்குக் கிளம்பிப் போகிறாள். டாம் தன் கூட்டாளிப் பூனைகளைக் கூப்பிட்டு ஜாஸ் கச்சேரி வைக்கிறது. தூக்கம் கெட்ட ஜெர்ரி அவளுக்குப் போன் போட்டு வத்திவைக்க, அவள் ஓட்டமாக ஓடிவந்து எல்லாப் பூனையையும் பந்தாடுகிறாள். அந்தப் பொம்பளைக்கு முகம் கிடையாது. படம் முழுக்கப் பருத்த கால்களும் பாவாடையும் செருப்பும்தான்.

ஆயா கேட்டார்: “இன்னாடா இது, இவ வூட்டுக்காரியா வேலக்காரியா?”

“வூட்டுக்காரிதான் ஆயா. பூனைய வெளிய தொரத்துறாளே.”

“தொடப்பம் அவ கையிலதான கீது.” கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆயாவே தீர்ப்புச் சொன்னார்: “வேலக்காரிதான். வூட்டுக்காரி மூஞ்சியக் காட்டாம இருக்க மாட்டா.”

*

கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு 1995 மே 1ஆம் தேதி வந்தது. எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்து, அந்தச் சானல் எங்கள் டிவியில் பிடிபட மேலும் ஒரு வருஷம் ஆனது. அன்றைக்குத்தான் ஜெர்ரி செம்பழுப்பு என்பதைக் கண்ணால் பார்த்தேன். டாம் விழுங்கிய குண்டு வயிற்றுக்குள் வெடிக்கும்போது வரும் மஞ்சளையும் அந்த வீட்டுச் சுவரின் பச்சையையும் பார்த்தேன். ஏமாற்றப்பட்ட மாதிரி இருந்தது. ஒரு வருஷமாகச் சாம்பலைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

அந்த நிறம் எனக்குச் சொந்தமாக வேண்டும். டெக்கில் பதிவு பண்ணலாம் என்று தெரியும். காலி கேசட் இல்லை. அப்பாவிடம் கேட்டால் வாங்கித்தர மாட்டார்.

விஎச்எஸ் கேசட்டின் முதுகில், இடது ஓரத்தில், சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் டெக் அதன் மேல் பதிவுசெய்யாது. கல்யாண வீடியோக்காரர்கள் அதை உடைத்துவிட்டுத்தான் கேசட்டைக் கையில் கொடுப்பார்கள். அந்தப் பள்ளத்தின் மேல் செலோடேப்பை ஒட்டினால் டெக் ஏமாந்துவிடும். பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் சொல்லித்தந்த வித்தை இது.

1996 கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம் அத்தை கல்யாணக் கேசட்டை எடுத்தேன். முகப்பில் மணமக்கள் பெயரும் தேதியும் எழுதி ஒட்டியிருந்தது. தெரியாமல் எடுத்தேன் என்று சொல்ல வழியில்லை. எல்லாரும் நூறு தடவை பார்த்துவிட்ட கல்யாணம், இனி யாருக்கு வேண்டும் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. செலோடேப்பை நகத்தால் தேய்த்து ஒட்டினேன். கடைசியாகப் பார்த்தவர்கள் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். அந்த இடத்திலிருந்தே பட்டனை அழுத்தினேன். ‘கேட் கான்செர்டோ’ பதிவானது. அடுத்து விளம்பரத்தோடு இன்னொன்று. மூன்றாவது கார்ட்டூன் பாதி ஓடும்போது கரண்ட் போய்விட்டது.

1997 பொங்கலுக்கு அத்தை வந்தார். மாமாவின் வேலையிடத்து நண்பர் குடும்பமும் கூட வந்திருந்தது. அவர்களுக்குப் போட்டுக்காட்டத்தான் கேசட்டை எடுத்தார்கள்.

டாம் வணக்கம் சொன்னதும் மாமாதான் முதலில் சிரித்தார். நண்பர் வீட்டுக் குழந்தைகள் கைதட்டினார்கள். அத்தை எழுந்து உள்ளே போனார். விருந்தாளிகள் கிளம்பிய பிறகு அப்பா பெல்ட்டைக் கழற்றினார். அப்போது ஆயா சமையற்கட்டிலிருந்து வந்து நின்று சொன்னார்: “அவன ஏன்டா அடிக்கிற? நான்தான் பழைய கேசட்டுனு எடுத்துக் குடுத்தேன். படிக்கத் தெரியாத கழுத, எனக்கின்னா தெரியும்.”

அப்பா பெல்ட்டைக் கீழே போட்டார். அத்தை ஆயாவிடம் நெடுநாள் சரியாகப் பேசவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. 1999இல் ஆயா இறந்துபோனார். அதற்கு முன்பும் நான் வாயைத் திறக்கவில்லை.

*

கார்ட்டூன் சேகரிப்பது எனக்கு 2004இல் தொற்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் துணிமணிக்கும் பழைய புத்தகத்துக்கும் நடுவில் தார்ப்பாய் விரித்து விசிடி விற்பார்கள். ஒன்று முப்பது ரூபாய். அட்டையில் டாம் அண்ட் ஜெர்ரி இருக்கும், உள்ளே எது இருக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

பார்க்கப் பார்க்கப் பிரிக்கத் தெரிந்தது. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் எம்ஜிஎம் நிறுவனத்தில் இருந்து எடுத்தவை 114. முதல் படம் 1940இல், கடைசிப் படம் 1958இல் வெளியானது. ஆஸ்கர் வாங்கிய ஏழும் இவற்றில்தான் அடக்கம். அடி விழுகிற நொடியும் இசை விழுகிற நொடியும் ஒன்றாக இருந்தால் அதற்கு இசை ஸ்காட் பிராட்லி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 1961, 62இல் ஜீன் டைச் எடுத்தவை 13. பிராகில் உட்கார்ந்து எடுத்துவிட்டு, ஹாலிவுட்டில் தயாரானது என்று போட்டிருப்பார்கள். எல்லாச் சத்தமும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். சிங்கம் கர்ஜிக்க வேண்டிய வளையத்துக்குள் டாம் வந்து கத்தினால் அது சக் ஜோன்ஸ். அவர் காலத்தில் வந்தவை 34.

நோட்டுப் புத்தகத்தில் 114க்கும் கோடு போட்டு எண் எழுதினேன். கிடைத்ததற்கு டிக். அப்புறம் டிவிடி வந்தது. வார்னர் நிறுவனம் 2004, 2005, 2007இல் மூன்று தொகுதிகளாக அமெரிக்காவில் வெளியிட்ட ஸ்பாட்லைட் கலெக்ஷனைத் தெரிந்தவர் மூலம் தருவித்தேன். இந்தியாவுக்கு மண்டல எண் 5, அமெரிக்காவுக்கு 1, பிரான்ஸுக்கு 2. எல்லா மண்டலத்தையும் வாசிக்கிற பிளேயர் வாங்கினேன். பெரியப்பா கேசட்டில் நிறம் போனதற்குப் பழிவாங்குகிற நினைப்பு அதில் கொஞ்சம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் இன்னொன்றும் தெரிந்தது. சினிமா வினாடிக்கு 24 சட்டகம். பால் டிவி 25. நாம் பார்த்த டாம் அண்ட் ஜெர்ரி எல்லாமே கொஞ்சம் வேகமாக ஓடியவை. ஏழு நிமிஷக் கார்ட்டூன் நம் வீட்டில் கிட்டத்தட்ட 17 வினாடி முன்னதாகவே முடிந்துவிடும். சேகரிப்பவனுக்கு இது பெரிய மனக்குறை. முழுசாக, வெட்டாமல், எடுத்தது எடுத்தபடி வேண்டும் என்பதுதான் இந்தப் பைத்தியத்தின் ஒரே விதி.

ஆனால் முழுசு கிடைக்கவில்லை. அந்த மூன்று தொகுதிகளையும் சேர்த்தால் 114 வரவேண்டும். வந்தது 112. விடுபட்டவை ‘மவுஸ் கிளீனிங்’ (1948), ‘காஸனோவா கேட்’ (1951). முதலாவதில் கரி பூசிய முகத்தோடு டாம் கறுப்பின வேலைக்காரன் போலக் கொச்சையாகப் பேசும். இரண்டாவதில் சுருட்டுப் புகையால் ஜெர்ரியின் முகத்தைக் கறுப்பாக்கி ஆடவைப்பார்கள். 2011இல் ப்ளூரேயில் 37 படங்களோடு கோல்டன் கலெக்ஷன் முதல் தொகுதி வந்தது. 2013இல் வரவேண்டிய இரண்டாவது தொகுதியிலும் இந்த இரண்டும் இல்லை என்று தெரிந்து சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். அந்தத் தொகுதியே நின்றுபோனது. கொதித்தவர்களில் நானும் உண்டு. வரலாற்றை வெட்டுகிறார்கள் என்று நண்பர்களிடம் உரக்கப் பேசினேன். செலோடேப் ஒட்டிய விரல்தான் என்பது பேசும்போது உறைக்கவில்லை.

*

ஆயா கேட்ட கேள்விக்குப் பதில் தேடியதும் இந்தக் காலத்தில்தான். முகமில்லாத அந்தப் பெண்ணை மாமி டூ ஷூஸ் என்று அழைத்தார்கள். 1940இல் வந்த முதல் படத்திலேயே இருக்கிறாள். 1952 வரை 19 படங்கள். வெள்ளையர் வீட்டு வேலைக்காரியான கறுப்பினப் பெண் எப்படி இருப்பாள், எப்படிப் பேசுவாள் என்று அமெரிக்காவில் ஊறிப்போன ஒரு கேலி அச்சில் வார்த்தது. குரல் கொடுத்தவர் லிலியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகை. கறுப்பின உரிமை அமைப்புகள் எதிர்த்தன. பாத்திரம் நின்றது. ஆனால் படங்கள் டிவிக்கு வரவேண்டுமே. அறுபதுகளில் சில படங்களில் அவள் கால்களை அழித்துவிட்டு வெள்ளைக் கால்கள் வரைந்தார்கள். ‘சாட்டர்டே ஈவ்னிங் புஸ்’ஸில் அவளுக்குப் பதில் ஒல்லியான ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். வேறு சிலவற்றில் கால்களை விட்டுவிட்டுக் குரலை மட்டும் மாற்றினார்கள். முதலில் முகத்தைக் காட்டவில்லை, பிறகு காலும் குரலும் போனது.

சுவாரசியம் என்னவென்றால் ஆயா சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. பல படங்களில் அவள் வீட்டுக்காரி மாதிரிதான் நடந்துகொள்கிறாள். தனக்கென்று அறை, நகை, சனிக்கிழமைச் சீட்டாட்டம். அவள் யார் என்று வரைந்தவர்களே முடிவுசெய்யவில்லை போல.

2008இல் அந்தப் படத்தின் பழைய, மாற்றாத வடிவம் கிடைத்தது. அவள் கேமராவை நோக்கி ஓடிவருகிற இடத்தில் ஒரு கணம் முகம் தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கணினியில் போட்டு ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தினேன். இருந்தது. ஓடுகிற ஓட்டத்தில் அந்த முகம் கண்ணுக்குச் சிக்காமல் போயிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அத்தை கல்யாணக் கேசட்டைத் தேடி எடுத்தேன். 1997க்குப் பிறகு அதை யாரும் போட்டதில்லை. ஆயாவின் முகத்தைத் தேடுவதற்காகத்தான் போட்டேன்.

ஆயா அந்தக் கல்யாணத்தில் மணப்பெண்ணின் அம்மா. தாலி இழந்தவர் என்பதால் மேடை ஏறவில்லை. தாரை வார்த்துக் கொடுத்தது தாத்தாவின் தம்பியும் அவர் மனைவியும். கேசட்டில் அவர்கள் இருக்கிறார்கள், யாரென்றே தெரியாத தூரத்து உறவெல்லாம் இருக்கிறது, ஆயா இல்லை. கேமரா வெளிச்சம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கத்தை விட்டு நகர்ந்திருக்கிறார்.

என் கார்ட்டூன் முடிகிற இடத்தில் சில வினாடி வெறும் புள்ளிமழை. டெக்கில் அழிக்கும் தலை முன்னால் இருக்கும், பதியும் தலை அதற்கு அப்பால். கரண்ட் போன கணத்தில் அழிந்தும் பதியாமலும் விட்டுப்போன துண்டு நாடா அது. அதன்பின் பந்தி. இலை வரிசை மேல் கேமரா நகர்கிறது. இரண்டு நிமிஷம் கழித்துச் சமையற்கட்டு வாசல். வெளிச்சம் பட்டதும் யாரோ கதவுக்குப் பின்னால் ஒதுங்குகிறார்கள். புடவையின் கீழ்விளிம்பும் நிலைப்படிமேல் இரண்டு கால்களும் மட்டும் தெரிகின்றன. இடது சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறியிருக்கிறது. 11 வினாடி.

அந்த விரலை எனக்குத் தெரியும். அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டிருக்கிறேன். ஆயாவுக்கு ரேஷன் கார்டு புகைப்படம் தவிர வேறு படம் இல்லை. அசைகிற ஆயா என்று உலகத்தில் மிஞ்சியிருப்பது இதுதான். அந்தக் கார்ட்டூன் இன்னும் மூன்று நிமிஷம் ஓடியிருந்தால் இதுவும் போயிருக்கும். மின்வெட்டு காப்பாற்றியது.

ஆயாவையும் மாமியையும் ஒன்று என்று சொல்லவரவில்லை. அவளை வேறு யாரோ கேலியாக வரைந்தார்கள், ஆயா உயிரோடு இருந்தவர், தானாக ஒதுங்கினார். தானாகவா என்பது வேறு கேள்வி. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இரண்டு இடத்திலும் நான் வருஷக்கணக்காகப் பார்த்தும் முகம் எங்கே என்று கேட்கவில்லை. கேட்டவர் ஆயா.

*

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. தென்னைகள் வரிசையாகச் சாய்ந்தன. எங்கள் வீட்டுக் கூரை ஓடு பாதி பறந்து, என் டிவிடி அலமாரி இரவெல்லாம் நனைந்தது. டெக் போனது. பீரோவுக்குள் இருந்ததால் கல்யாணக் கேசட் நனையவில்லை. ஆனால் ஈரக்காற்றில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது. பிழைத்த டெக்குகளும் அருகிவந்தன. கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது.

2022இல் ஒருவழியாக, கேசட்டைச் சுத்தம் செய்து கணினிக்கு மாற்றித் தருகிற ஒருவரைக் கண்டுபிடித்தேன். இரண்டு நாள் கழித்துப் போன் பண்ணினார்.

“சார், நடுவுல கார்ட்டூன் வருது. யாரோ மேல பதிஞ்சிருக்காங்க. அத கட் பண்ணிட்டு ரெண்டு பக்கமும் ஒட்டிடட்டா? அதான் நெட்ல நல்ல குவாலிட்டில கெடக்குதே.”

அவர் சொன்னது நியாயம்தான். அந்தப் படங்கள் இன்று பளிச்சென்று யாருக்கும் கிடைக்கும். “வேணாங்க, அப்படியே இருக்கட்டும், முழுசா வேணும்” என்றேன். வைத்த பிறகு, இதை முடிவுசெய்ய நான் யார் என்று தோன்றியது. வில்லியனூருக்கு அத்தையைப் பார்க்கக் கிளம்பினேன்.

லேப்டாப்பில் கால்களைக் காட்டினேன். அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “அம்மா” என்றார். திரும்பப் போடச் சொன்னார். நான்கைந்து தடவை போட்டேன்.

“தாலி கட்டும்போது அம்மா தூணாண்ட நின்னு அழுதுகினே இருந்தாங்க. கேமராக்காரரு ஒரு தடவ அந்தப் பக்கம் திருப்பினாரு. எனக்கு மேடையிலருந்து தெரிஞ்சிது” என்றார்.

ஆக, ஆயா முகம் கேசட்டில் இருந்திருக்கிறது. நான் அழித்த 20 சொச்சம் நிமிஷத்துக்குள் இருந்திருக்கிறது. கார்ட்டூன் தொடங்குகிற இடத்தில், பழையது சரியாக அழியாமல் புதியது ஏறிய சில வினாடிகளில், டாமின் கோட்டுக்கு மேல் வானவில் மாதிரி நிறங்கள் ஓடும். அத்தை புடவையின் நிறமோ மேடைச் சீரியல் பல்போ, அதற்குள் கொஞ்சம் கிடக்கலாம். அதிலிருந்து யாராலும் ஒரு முகத்தைப் பிரித்தெடுக்க முடியாது.

“அத்த, அன்னிக்கி ஆயா எடுத்துக் குடுக்கல. நான்தான் எடுத்தேன். செலோடேப் ஒட்டினதும் நான்தான். உங்க கேசட்டுனு தெரிஞ்சிதான் பண்ணேன்.”

அத்தை கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

“தெரியும்டா. அம்மாவுக்கு செலோடேப்புன்னா இன்னான்னே தெரியாது. அது தெரிஞ்சிதான் எனக்குக் கோவம். உனக்காக எங்கிட்டயே பொய் சொல்லிட்டாங்களேன்னு.”

அந்த ஆள் கார்ட்டூனை வெட்டிவிடலாமா என்று கேட்டதையும் சொன்னேன். அத்தை கொஞ்சம் யோசித்தார்.

“எதுக்கு வெட்டணும்? அம்மா அத பாத்து எவ்ளோ சிரிப்பாங்க. இருந்துட்டுப் போவுது.” பிறகு, “மொதல்லருந்து போடு, மாப்ள அழைப்புலருந்து” என்றார்.

போட்டேன். தாம்பாளம் மூன்றாவது வரிசைக்கு வந்தது. படம் நடுங்கியது. டாம் மேடைக்கு வந்து வணக்கம் சொன்னபோது அத்தை எழுந்து போகவில்லை.